அழுத்தாமலே அடித்த டிரம்

சங்கவி பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் யாரோ டிரம் அடித்தார்கள்.

டும்... டக். டும் டும்... டக்.

அவள் குழாயை மூடினாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அப்பா தங்கையா துறைமுகத்தில் வேலையில் இருந்தார். அம்மா தனபாக்கியம் மருந்துக்கடையிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருந்தது. வாசல் கதவை உள்ளே தாழ் போட்டதும் சங்கவியேதான். அப்படியானால் கூடத்தில் அடிப்பது யார்?

ஈரக் காலோடு மெல்ல எட்டிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. மேசைமேல் டிரம் மெஷின் மட்டும் இருந்தது. அதன் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பயிற்சி செய்வதற்காக அதற்குக் கரண்ட் கொடுத்தது அவள்தான். ஆனால் ஸ்டார்ட் பொத்தானை அவள் தொடவே இல்லை.

டும் டும்... டக். சட்டென்று நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் மறுபடி, டும்... டக்.

அதற்குமேல் அங்கே நிற்க அவள் என்ன முட்டாளா? தாழைத் திறந்து ஒரே ஓட்டமாக ஓடி, வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். செருப்புப் போடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் அந்த நேரத்துக்கு வெயில் அடிக்குமாம். அந்தமானில், போர்ட் பிளேயரில் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிடும். ஜங்லிகாட் சந்தில் ஸ்கூட்டர்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அவற்றின் சத்தம் அவளுக்குத் துணையாக இருந்தது.

அம்மா வந்ததும் கேட்டாள். "ஏன்டி இங்க உக்காந்திருக்க?"

"சும்மா, காத்து வாங்க" என்றாள் சங்கவி. பற்கள் தந்தியடித்தன.

இந்த மெஷின் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கீபோர்டு வாசிப்பார், அம்மா பாடுவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். கீபோர்டு மேடையின் ஒரு பக்கம் இருக்கும், டிரம் மெஷின் மறுபக்கம் இருக்கும். நடுவே ஒரு நீளமான வயர் ஓடும். போன மாதம் ஷாதிபூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஆடிக்கொண்டே மேடையேறி, அந்த வயரில் கால் மாட்டி, வயரையும் அறுத்து, தானும் விழுந்தார். பாட்டு பாதியில் நின்றது. சித்தப்பா மட்டும் விழுந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "இனிமே வயரே வேண்டாம்."

இசைக்கருவி விற்கும் ஸ்ரீநிவாஸ் அண்ணன் கடையில் தீப்பெட்டியைப்போல இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தார். ஒன்றைக் கீபோர்டின் பின்னால் சொருக வேண்டும். அது அனுப்பும் பெட்டி. இன்னொன்றை டிரம் மெஷினில் சொருக வேண்டும். அது வாங்கும் பெட்டி.

"என்னத்த அனுப்பும்ப்பா?" என்று கேட்டாள் சங்கவி.

"மிடி கிளாக்."

"கடிகாரமா?"

"மணி காட்டுற கடிகாரம் இல்ல கண்ணு. 'இப்ப, இப்ப, இப்ப'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். டிரம் மெஷின் அதக் கேட்டு அதே வேகத்துல அடிக்கும். கீபோர்டுல ஸ்டார்ட் அழுத்தினா அதுவும் ஸ்டார்ட் ஆகும். நிறுத்தினா நிக்கும். இல்லேன்னா கீபோர்டு ஒரு பக்கம் ஓடும், டிரம் ஒரு பக்கம் ஓடும்."

இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா, ரெண்டும் சேந்துடுச்சு!" என்று சொல்லி அப்பா ஸ்டார்ட்டை அழுத்தினார். டிரம் மெஷின் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஊஹும். சன்னலுக்கு வெளியே, பின்னால் எங்கேயோ தட்டு விழுந்த சத்தம்தான் கேட்டது.

"பூனை" என்றார் அம்மா.

அழுத்தினால் அடிக்காத அதே மெஷின்தான் இப்போது அழுத்தாமலே அடித்தது.

மறுநாள் மாலை அம்மா வீட்டில் இருக்கும்போதே டும் டக் என்று ஆரம்பித்துவிட்டது. அம்மா கையிலிருந்த கரண்டியோடு வாசல்வரை ஓடினார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஓர் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் நூலில் கோத்து மெஷின்மேல் கட்டித் தொங்கவிட்டார்.

அப்பா வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "தனம், இது மெஷினா, லாரியா? பேயுமில்ல, பிசாசுமில்ல. கரண்ட் ஏறி இறங்குது, அவ்வளவுதான். என் முன்னாடி அடிக்கச் சொல்லு பாப்போம்!"

டும் டும்... டக்.

அப்பா கட்டில்மேல் ஏறி நின்றார். எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் டிரம்மின் அதிர்வில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சங்கவி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கட்டில்மேல் நின்றபடியே அப்பா ஸ்ரீநிவாஸ் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் தெலுங்குக்காரர். யாரிடம் பேசினாலும் ஹிந்திதான். அப்போது அவர் கார் நிக்கோபார் தீவுக்குப் போகும் கப்பலில் இருந்தார். காற்றும் அலையும்தான் அதிகம் கேட்டன.

"ஸ்ரீநிவாஸ், என்ன பெட்டிப்பா குடுத்திருக்க?"

"ஆப்கா தோ நம்பர் வாலா ஹை, அண்ணா! தோ நம்பர்..." அதோடு லைன் அறுந்துவிட்டது.

அப்பாவின் முகம் சிவந்தது. "கேட்டியா தனம்? அவனே ஒத்துக்கிட்டான். தோ நம்பர் மாலாம்!"

அந்தமானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தோ நம்பர் என்றால் போலிச் சரக்கு.

"போலிப் பெட்டி நம்ம மெஷினையே கெடுத்துடுச்சு. சனிக்கிழமை கப்பல்ல மெயின்லேண்டுக்கு அனுப்பி ரிப்பேர் பாக்கணும்."

"முதல்ல அத அனுப்புங்க. இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார் அம்மா.

"உத்திரத்துக்குள்ள திரும்பி வந்துடுமாப்பா?" என்று கேட்டாள் சங்கவி.

அப்பா காலண்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதுவே பதில்தான்.

பங்குனி உத்திரத்துக்குக் கோயில் மேடையில் ஒரே ஒரு பாட்டுக்குச் சங்கவி கீபோர்டு வாசிப்பதாக இருந்தது. வாழ்க்கையில் முதல் மேடை என்று சொல்ல முடியாது. போன வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் வாசித்திருக்கிறாள். பயம் வந்தால் அவள் விரல்கள் ஓட ஆரம்பித்துவிடும். பாடுகிற பிள்ளைகள் இரண்டாவது அடியில் இருக்கும்போதே இவள் பாட்டையே முடித்துவிட்டாள். அரங்கமே சிரித்தது. அன்றைக்கு அழுத அழுகை அவளுக்கு மறக்கவில்லை.

"டிரம் கூட இருந்தா அதப் பிடிச்சுக்கிட்டே போயிடுவேன்ப்பா" என்று கெஞ்சிக் கெஞ்சித்தான் இந்தப் பாட்டை வாங்கினாள். டிரம் கப்பலேறினால் அந்தப் பாட்டும் கப்பலேறிவிடும்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி விட்டு வந்தவள் கூடத்து வாசலிலேயே நின்றாள். நாளைக்கு மெஷின் இங்கே இருக்காது. அது ஏன் தானாக அடிக்கிறது என்று கண்டுபிடிக்க இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

ஆனால் உள்ளே போகக் கால் வர வேண்டுமே! வாசல் கதவைத் தாழ் போடாமல் சாத்தினாள், ஓடவேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று. இந்த முறை செருப்பையும் கழற்றவில்லை. அம்மா பார்த்திருந்தால் தொலைத்திருப்பார். பிறகு மெஷினுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சேர்ந்துவிட்டது. ஆனால் யாரோடு? கீபோர்டுக்குத்தான் இன்னும் கரண்டே கொடுக்கவில்லையே!

டும்... டக். டும் டும்... டக்.

சங்கவி நாற்காலிக் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஓடாதே, ஓடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு டிரம்மைவிட வேகமாக அடித்தது.

அடி நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது, முன்னைவிட மெதுவாக. கொஞ்ச தூரம் போய் அதே இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

சங்கவி ஒரு கண்ணைத் திறந்தாள்.

அப்பா புதுப் பாட்டுப் பழகும்போது இப்படித்தான் செய்வார். தப்பு வந்ததும் நிறுத்துவார். வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குவார். பேய்க்கு எதற்குப் பிராக்டிஸ்?

இன்னொரு கண்ணையும் திறந்தாள். கையை நீட்டி, நெருப்பைத் தொடுவதுபோலத் தொட்டு, வாங்கும் பெட்டியை மெஷினிலிருந்து உருவினாள். டிரம் நின்றது. சொருகி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டும் டக் என்று திரும்ப ஆரம்பித்தது. அப்படியென்றால் மெஷின் கெட்டுப்போகவில்லை. யாரோ இந்தப் பெட்டியிடம் 'இப்ப, இப்ப' என்று சொல்கிறார்கள்.

மறுபடி உருவிப் பெட்டியைத் திருப்பினாள். பின்னால் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதில் பேனாவால் 1 என்று எழுதியிருந்தது. கீபோர்டுப் பெட்டியையும் உருவிப் பார்த்தாள். அதில் 2.

தோ நம்பர்!

ஸ்ரீநிவாஸ் அண்ணன் போலி என்று சொல்லவில்லை. தோ என்றால் இரண்டு. "உங்களோடது இரண்டாம் நம்பர் ஜோடி" என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நம் வீட்டில் இரண்டு பெட்டியிலும் 2 அல்லவா இருக்க வேண்டும்? கடையில் யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். நம்முடைய இன்னொரு 2 வேறு ஒரு வீட்டில் இருக்கிறது.

எந்த வீட்டில்? இந்தப் பெட்டி ஒரு சுவரைத் தாண்டும், இரண்டாவது சுவருக்கே முக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படிப் பக்கத்தில் இருப்பது ஒரே வீடுதான். சாக்கடைக்கு அந்தப் பக்கம், அடுத்த சந்தைப் பார்த்த பின்வீடு.

ஆனால் பின்வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே யாருமே இல்லையே!

எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தாள். செருப்பு காலில் தயாராகத்தான் இருந்தது. அப்போது அவளுக்கு அந்தத் தட்டுச் சத்தம் ஞாபகம் வந்தது. அப்பா ஸ்டார்ட்டை அழுத்தியதும் தட்டு விழுந்தது. பேய் தட்டில் சாப்பிடுமா? சரி, சாப்பிட்டாலும் அதை ஏன் கீழே போடுகிறது?

பெட்டிகளைச் சொருகிவிட்டு, கீபோர்டுக்குக் கரண்ட் கொடுத்தாள். பின்சன்னலைத் திறந்து வைத்தாள். ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

மடார்! பின்வீட்டில் ஏதோ உருண்டது. உடனே தொண்டை கிழிய ஓர் அலறல். "முருகாஆஆ!"

சங்கவியும் அலறினாள். அவள் அலறலைக் கேட்டு அந்தக் குரல் இன்னும் பலமாக அலறியது. சந்தில் இருந்த நாய்களும் சேர்ந்துகொண்டன.

முதலில் மூச்சு திரும்பியது சங்கவிக்குத்தான். பின்வீட்டுக் குரல் அழுகிற குரலாக மாறியிருந்தது. "விட்ரு தாயே, நான் நாளைக்கே வீட்டக் காலி பண்ணிடுறேன்..."

ஐயோ பாவம், என்னால்தானே என்று அவளுக்குத் தோன்றியது. சட்டென்று ஸ்டார்ட்டை நிறுத்தினாள். சன்னல் கம்பியில் முகத்தை வைத்துச் சொன்னாள். "பயப்படாதீங்க! பேய் இல்ல. நான்தான்!"

அழுகை நின்றது. பிறகு நடுங்கிய குரல் கேட்டது. "நான்தான்னா யாரு?"

"சங்கவி. ஆறாம் வகுப்பு."

எதிர்ச் சன்னல் ஒரு விரற்கடை திறந்தது. ஒரு கண் தெரிந்தது. அப்புறம் முழுச் சன்னலும் திறந்தது. அங்கே நின்றவரைப் பார்த்துச் சங்கவி வாயைப் பிளந்தாள். ஆறடி உயரம். கதவை அடைக்கிற தோள். அரிவாள் மீசை. கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"நான் குழந்தைவேலு பாப்பா. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறேன். போன வாரம்தான் இங்க குடி வந்தேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேணாம்னு ஹெட்போன் மாட்டிக்கிட்டுதான் கீபோர்டு பழகுறேன். என் டிரம் மெஷின் நான் அழுத்தினா அடிக்க மாட்டேங்குது. அழுத்தாதப்ப காதுக்குள்ளயே வந்து அடிக்குது! ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடுன்னாங்க. எனக்குச் சோறே இறங்கல."

"மாமா, உங்க பெட்டி ஸ்ரீநிவாஸ் அண்ணன் கடையில வாங்கினதா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?" மீசை நடுங்க ஆரம்பித்தது.

"கீபோர்டுப் பெட்டிக்குப் பின்னால என்ன நம்பர் போட்டிருக்கு, பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணு."

"டிரம் பெட்டியில ரெண்டு. சரியா?"

"நீ நிஜமாவே பேய் இல்லையே பாப்பா?"

சங்கவி முதல்முறையாகச் சிரித்தாள். "நீங்க அழுத்தினா எங்க டிரம் அடிக்குது. நாங்க அழுத்தினா உங்களது அடிக்குது. நீங்க எங்களுக்குப் பேய், நாங்க உங்களுக்குப் பேய். ஜோடி மாறிப்போச்சு மாமா! உங்க ரெண்ட எங்கிட்ட குடுங்க, எங்க ஒண்ண நீங்க வாங்கிக்குங்க."

"சரி, சுத்திக்கிட்டு உங்க வாசலுக்கு வரவா?"

சங்கவி ஒரு நிமிடம் யோசித்தாள். "வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். அம்மா வந்தப்புறம் வாங்க மாமா. பெட்டிய இப்பவே சன்னல் வழியா குடுத்துடுங்க."

"அதுவும் சரிதான்" என்று அவர் கையை நீட்டினார். அது கையா, கிரேனா? சாக்கடையைத் தாண்டி நேராக அவள் சன்னல் கம்பிக்கே வந்துவிட்டது. உள்ளங்கையில் குட்டியாக ஒரு பெட்டி இருந்தது. சங்கவி அதை எடுத்துக்கொண்டு தன் பெட்டியை வைத்தாள்.

சொருகினாள். இரண்டிலும் பச்சை எரிந்தது. கீபோர்டில் ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

டும் டக், டும் டும் டக். அவள் அழுத்திய நொடியில், அவள் மெஷினில்!

எதிர்ச் சன்னலிலிருந்து "முருகா!" என்ற குரல் கேட்டது. ஆனால் இந்த முறை அது சந்தோஷக் குரல்.

அம்மாவும் அப்பாவும் வந்ததும் குழந்தைவேலு மாமா முறையாக வாசல் வழியாக வந்தார். அப்பா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். அம்மா கட்டிலைப் பார்த்தார், அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

மெஷின்மேல் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அம்மா அவிழ்க்கப் போனார். குழந்தைவேலு மாமா மெதுவாகக் கேட்டார். "அக்கா, அத எறியப் போறீங்களா? எங்கிட்ட குடுங்க, எங்க வீட்டுல கட்டிக்கிறேன்."

"அதான் பேயே இல்லன்னு ஆயிடுச்சே தம்பி!"

"இல்லதான். எதுக்கும் இருக்கட்டுமே."

பங்குனி உத்திரத்தன்று கோயில் திடல் நிரம்பி வழிந்தது. காவடிகள் வந்து சேர்ந்து, பூசை முடிந்து, பாட்டு தொடங்கியது. சங்கவியின் முறை வந்தது. அப்பா எழுந்து இடம் விட்டார். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

சங்கவி திடலைப் பார்த்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. எத்தனை தலைகள்! ஆண்டுவிழாச் சிரிப்பு அப்படியே காதில் கேட்டது. விரல்கள் ஓட ஆரம்பிக்கவில்லை, இந்த முறை நகரவே மறுத்தன. ஸ்டார்ட் பொத்தான் பக்கத்தில்தான் இருந்தது. அதை அழுத்த முடியவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது திடலின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை.

"பயப்படாத பாப்பா! நான்தான்!"

சங்கவிக்கு எங்கிருந்துதான் அந்தத் துடுக்கு வந்ததோ! முன்னால் மைக் இருப்பதையும் மறந்து கேட்டுவிட்டாள். "நான்தான்னா யாரு?"

"குழந்தைவேலு! கிரேன் ஆபரேட்டர்!"

திடலே சிரித்தது. அம்மா சிரித்தார். சங்கவியும் சிரித்தாள். சிரித்த வாயோடு ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

மேடையின் மறுபக்கத்தில், நடுவில் ஒரு வயரும் இல்லாமல், டும் டக் என்று டிரம் எழுந்தது. சங்கவி அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பாடினார். விரல்கள் ஓடப் பார்த்தபோதெல்லாம் டிரம் 'இப்ப, இப்ப' என்றது. அவள் கேட்டுக்கொண்டாள்.

இந்த முறை அம்மாவும் டிரம்மும் சங்கவியும் ஒன்றாகத்தான் பாட்டை முடித்தார்கள்.